வலிக்காத கட்டியை வளர விடாதீர்கள்!

காலில் முள் தைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். சொத்தைப் பல்லில் சீழ் வைத்தால் தாடைக்குக் கீழே கட்டி தெரியும். புண் ஆறினால் நெறியும் கரைந்துவிடும். இது எல்லோரும் அறிந்ததே.

ஆனால், புண் இல்லை, வலியும் இல்லை. கழுத்திலோ, அக்குளிலோ, தொடை இடுக்கிலோ ஒரு கட்டி மட்டும் வாரக்கணக்கில் இருக்கிறது, வளர்கிறது என்றால்? "வலிக்கவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

உடலின் காவல் சாவடிகள்

ரத்தத்தைப் போலவே நிணநீர் என்ற தெளிந்த நீரும் உடலெங்கும் ஓடுகிறது. அதன் வழியில் அவரைக்கொட்டை போன்ற சுமார் 600 முடிச்சுகள் உள்ளன. அங்கே வெள்ளை அணுக்கள் காவல் காக்கின்றன. கிருமி வந்தால் அவை பெருகிப் போரிடும், முடிச்சு வீங்கும். அதுவே நெறி.

காவல் காக்கவேண்டிய அணுவே கட்டுக்கு அடங்காமல் பெருகத் தொடங்கினால், அதுதான் 'லிம்போமா' என்ற நிணநீர்ப் புற்றுநோய். 1832-ம் ஆண்டில் லண்டன் டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின் இதன் ஒரு வகையைப் பற்றி எழுதினார். அந்த வகைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

விடாத காய்ச்சல், படுக்கையை நனைக்கும் இரவு வியர்வை, காரணமில்லாத உடல் மெலிவு ஆகியவையும் சேர்ந்து வரலாம். கண்டமாலை என்னும் காசநோய்க் கட்டியிலும் இதே குறிகள் உண்டு. தொட்டுப் பார்த்து இன்ன நோய் என்று முடிவு கட்ட முடியாது. கட்டியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். 'கத்தி பட்டால் புற்று பரவும்' என்று பயந்து காலம் கடத்துவது வீண். வகை தெரியாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது.

வாசலில் பூக்கும் மருந்து

1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், போருக்கான விஷவாயு ஆராய்ச்சியில் பிறந்த மருந்து ஒன்று நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. கட்டிகள் கரைந்தன. ஆனால் திரும்பவும் வந்தன. ஒரு மருந்து போதவில்லை.

1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரு விஞ்ஞானிகள் நித்தியகல்யாணிச் செடியை ஆராய்ந்தார்கள். ஜமைக்கா மக்கள் அதை நீரிழிவுக்குக் கஷாயம் வைத்துக் குடித்துவந்தார்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன! வெள்ளை அணு பெருகும் நோய்க்கு அதுவே மருந்தாயிற்று.

1960-களில் அமெரிக்க டாக்டர்கள் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். விஷவாயு வழி வந்த மருந்தும், நித்தியகல்யாணி மருந்தும் அவற்றில் இருந்தன. முற்றிய ஹாட்ஜ்கின் நோயிலும் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் இலையை அரைத்துக் குடிக்கக் கூடாது. அது விஷம். பிரித்தெடுத்து, அளந்து, ஊசி வழியே ஏற்றினால்தான் மருந்து.

பாதியில் விடக் கூடாது

இன்று கதிர் சிகிச்சையும் உண்டு. புற்று அணுவைத் தேடிப் பிடிக்கும் 'ரிட்டுக்ஸிமாப்' போன்ற மருந்துகளும் 1997 முதல் வந்துள்ளன. மெதுவாக வளரும் சில வகைகளுக்கு உடனே மருந்தே வேண்டாம். டாக்டர் கண்காணித்தால் போதும்.

மருந்தைப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, சில மாதங்கள் ஏற்றவேண்டும். இரண்டாவது ஊசியிலேயே கட்டி கரையலாம். தலைமுடியும் கொட்டலாம். 'கட்டிதான் போய்விட்டதே, இனி எதற்கு இந்தத் துன்பம்?' என்று நிறுத்திவிடுவதே பெரிய தவறு. கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிய அணுக்கள் மீண்டும் தலைதூக்கும். கொட்டிய முடி வளரும். தவறவிட்ட காலம் திரும்பாது.

இது தொற்று நோய் அல்ல. நோயாளிக்குத் தனித் தட்டும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். அவருக்கு வேண்டியது, ஊசி நாளன்று கூட வரும் ஒரு துணை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. வழி இருக்கிறது; மருந்தும் இருக்கிறது. வலி வரட்டும் என்று காத்திராமல், காலத்தோடு போவதுதான் வீட்டார் செய்யவேண்டிய வேலை.