பிணத்தை எடுத்துப் போகிறோம், உரிமையை விட்டுப் போகிறோம்!

சென்ற மாதம் ஒரு விடியற்காலை. தாராவியில் தோல் பட்டறை ஒன்றில் வேலை பார்த்து வந்த நம் சங்க உறுப்பினர் ஒருவர், ஊரிலிருந்து இரயிலில் வந்துகொண்டிருந்த தாயாரை அழைத்து வரக் குர்லா டெர்மினசுக்குப் புறப்பட்டார். கைப்பேசி ஆப் மூலம் வாடகைக் கார் ஒன்றை அழைத்து ஏறினார். வழியில், நிறுத்தி வைத்திருந்த லாரி ஒன்றின் பின்புறம் கார் மோதியது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பதினாறு வயதில் பிழைக்க வந்த அந்த முப்பத்திரண்டு வயது இளைஞர் அங்கேயே மாண்டார். தாயார் மகனைப் பார்த்தது பிணவறையில்தான்.

அடுத்து நடந்ததுதான் நம்மை இந்தத் தலையங்கம் எழுத வைக்கிறது. அன்று பகலிலேயே கார் உரிமையாளரின் ஆட்கள் வந்தார்கள். ஐம்பதாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்தார்கள். "உடலை ஊருக்குக் கொண்டு போகிற செலவுக்கு" என்றார்கள். மராத்தியில் எழுதிய முத்திரைத் தாள் ஒன்றை நீட்டினார்கள். அழுதுகொண்டிருந்த அந்தச் சகோதரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மாலையில் உடல் ஊருக்குப் புறப்பட்டுவிட்டது. சங்கத்துக்குச் செய்தி எட்டியது மூன்றாம் நாள்.

தாளில் இருந்தது என்ன? "எங்களுக்கு வரவேண்டியது வந்துவிட்டது, இனி வழக்கோ நஷ்டஈடோ கேட்க மாட்டோம்" என்பதுதான்.

அந்தச் சகோதரியை நாம் குறை கூறவில்லை. குறை நம்முடையது. பொங்கல் விழா நடத்தினோம், ரேஷன் கார்டுக்கு மனு எழுதிக் கொடுத்தோம், பள்ளிக்கூடத்துக்குப் போராடினோம். ஆனால் நாள்தோறும் ஆப் வண்டிகளில் ஏறி இறங்கும் நம் மக்களுக்கு, அந்த வண்டி மோதினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கூட்டத்திலாவது சொன்னோமா? இல்லை. இப்போதாவது சொல்வோம்.

அவர் இழந்த தொகை எவ்வளவு?

விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கணக்கிடும் முறையை உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் தீர்ப்புகளில் வகுத்துத் தந்திருக்கிறது. அதை இந்தக் குடும்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வருமானம் 18,000 ரூபாய். நாற்பது வயதுக்குட்பட்ட, நிரந்தர உத்தியோகம் இல்லாத தொழிலாளி என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 25,200. மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். ஆகவே அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்: 18,900. ஆண்டுக்கு 2,26,800. முப்பத்திரண்டு வயதுக்குரிய பெருக்கல் எண் 16. ஆக மொத்தம் 36,28,800 ரூபாய். ஈமச் செலவு முதலியவை இதற்கு மேல் தனி.

முப்பத்தாறு இலட்சம் எங்கே, ஐம்பதாயிரம் எங்கே! எல்லா வழக்கிலும் கணக்குப்படியே கிடைத்துவிடும் என்று நாம் கூறவில்லை. வருமானத்துக்கும் வயதுக்கும் சாட்சியம் வேண்டும். ஆனால் பட்டறையில் சம்பளச் சீட்டு தரவில்லை என்பதால் உரிமை போய்விடாது. பாங்க் பாஸ் புத்தகம், கூட வேலை செய்தவர்களின் சாட்சியம், அதுவும் இல்லையென்றால் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி என வழிகள் உண்டு. இறந்தவர் வீட்டைக் கவனித்து வந்த பெண் என்றாலும் "அவருக்கு வருமானமே இல்லையே" என்று தள்ளிவிட முடியாது. வீட்டு வேலைக்கும் மதிப்புண்டு என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது.

ஐந்து இலட்சத்தில் ஒரு கண்ணி

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே இறப்புக்கு 5 இலட்சமும் பலத்த காயத்துக்கு இரண்டரை இலட்சமும் கேட்கலாம். 1-4-2022 முதல் நடைமுறையில் உள்ள நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: இன்சூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி மூலம் இந்த 164-வது பிரிவுத் தொகையை ஏற்றுக்கொண்டால், டிரிபியூனலில் போட்ட மனு காலாவதியாகிவிடும். அதாவது ஐந்தை வாங்கினால் முப்பத்தாறைக் கேட்க முடியாது.

சில வழக்குகளில் ஐந்து இலட்சமே நல்லதாக இருக்கலாம். தவறு முழுவதும் இறந்தவருடையது என்றால் அதுவே பெரிய துணை. ஆனால் பின் சீட்டில் உட்கார்ந்து வந்த பயணியிடம் என்ன தவறு இருக்கிறது? கார்க்காரர் லாரியைக் கை காட்டுவார், லாரிக்காரர் காரைக் கை காட்டுவார். அவர்கள் சண்டை தீரும்வரை பயணி காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வண்டிகளின் தவறும் சேர்ந்து விபத்து நடந்திருந்தால், முழுத் தொகையையும் இரண்டில் எவரிடமிருந்தும் கேட்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கணக்குப் போடாமல் எதையும் ஏற்காதீர்கள்.

வழக்கு உங்கள் ஊருக்கே வரும்

"மும்பையில் நடந்த விபத்து, மும்பையில்தானே கேஸ் நடக்கும்? வாய்தாவுக்கு வாய்தா இரண்டு நாள் இரயிலில் வர எங்களால் ஆகுமா?" என்று கேட்டுப் பலர் கைவிட்டிருக்கிறார்கள். இந்த எண்ணம் தவறு. 166-வது பிரிவின்படி மனுவை விபத்து நடந்த இடத்தில் போடலாம். எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்தில் போடலாம். மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலும் போடலாம். எது என்று தீர்மானிக்கும் உரிமை மனுதாரருக்கே. ஊரில் குடியிருக்கும் விதவை திருநெல்வேலியிலேயே மனுப் போடலாம். தமிழில் சாட்சி சொல்லலாம். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இந்தச் சட்டத்தில் இதைவிடப் பெரிய வரி வேறில்லை.

ஆனால் காலம் குறுகியது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற வரம்பு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்து, 1-4-2022 முதல் அமலில் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அந்த வழக்கை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மருத்துவமனை வாசலில் நின்று "வருகிற பணத்தில் எனக்கு இத்தனை சதவீதம்" என்று பேரம் பேசுகிற தரகரை நம்பாதீர்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு பேசுவதை வக்கீல்களுக்கே பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கின்றன.

டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள்

நம்மில் பலர் இரயில்வேயில் வேலை செய்கிறோம். இரயிலிலிருந்து விழுந்து இறந்த பயணியின் சட்டைப் பையில் டிக்கெட் இருந்தால் குடும்பத்துக்கு நஷ்டஈடு எளிதாகிறது என்பதைக் கண்டிருக்கிறோம். 1-1-2017 முதல் அந்தத் தொகை 8 இலட்சம். ஆப் வண்டியிலும் அப்படி ஒரு டிக்கெட் உண்டு. அது கைப்பேசிக்குள் இருக்கிறது. ஏறிய இடம், நேரம், வண்டி எண், ஓட்டுநர் பெயர், கட்டணம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன.

கைப்பேசி நொறுங்கிப் போனாலும் கணக்கு அழிவதில்லை. அதே நம்பரைக் கொண்டு வேறு கைப்பேசியில் திறக்கலாம். ஆகவே இறந்தவரின் சிம் கார்டை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். பயண விவரத்தைப் படம் பிடித்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். ஆப் கம்பெனிக்கு எழுத்து மூலம் விபத்தைத் தெரிவித்து, பயணத்துக்குத் தனி இன்சூரன்ஸ் உண்டா என்று கேளுங்கள். எப்.ஐ.ஆர். நகல், பஞ்சநாமா, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை மூன்றையும் வாங்காமல் நகரத்தை விட்டுப் போகாதீர்கள். உடலோடு எல்லோரும் போய்விடாமல் ஒருவராவது தங்குங்கள். வண்டியின் இன்சூரன்ஸ் விவரத்தைத் தர வேண்டியது போலீசின் கடமை. விபத்து அறிக்கையை மூன்று மாதத்துக்குள் டிரிபியூனலுக்கு அனுப்புவதும் அவர்கள் கடமையே. கேட்பவர்களுக்குத்தான் கடமை நினைவுக்கு வரும்!

காயம்பட்டவர்களுக்கு இன்னொரு செய்தி. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும் அதற்கென்று குறித்த மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. அட்வான்ஸ் கட்டினால்தான் படுக்கை என்றால் இந்தத் திட்டத்தைச் சொல்லி வாதாடுங்கள்.

ஏறும் முன் நம்பர் பலகையைப் பாருங்கள்

வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார வாடகை வண்டிக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த வண்டி. வாடகை வண்டியின் கட்டாய இன்சூரன்சில் பயணியும் அடக்கம். சொந்த வண்டிக்கு எடுத்த வெறும் கட்டாயப் பாலிசியில் பின்னால் உட்கார்ந்தவர் அடக்கமில்லை என்று கம்பெனிகள் கோர்ட்டில் வாதாடி வென்றிருக்கின்றன. மகாராட்டிரத்தில் 2025-ஆம் ஆண்டு விதிகளின்படி மின்சார பைக்குகள் மட்டுமே பைக் டாக்சியாக ஓடலாம். பத்து ரூபாய் மிச்சம் என்று வெள்ளைப் பலகை பைக்கில் ஏறும் தம்பிமார்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே சமயம் இன்சூரன்ஸ்காரர் சொல்வதெல்லாம் சட்டம் என்று நம்பிவிடவும் வேண்டாம். "ஓட்டுநரிடம் டாக்சி ஓட்டத் தனி லைசென்ஸ் இல்லை, பணம் கிடையாது" என்பது அவர்களுடைய பழைய பல்லவி. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குச் சாதாரண இலகு வாகன லைசென்சே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. பர்மிட் இல்லாத வண்டி மோதினாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டு வருகின்றன.

ஓட்டுகிறவனும் நம்மவன்தான்

ஆப் வண்டி ஓட்டுகிறவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களை எதிரியாக்குவது நம் நோக்கமன்று. சொந்த வண்டி ஓட்டுபவர் பாலிசியில் 15 இலட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும். அடுத்தவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டுபவருக்கு அது பொருந்தாது; 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அவருக்குத் தந்துவந்த பாதுகாப்பு, 21-11-2025 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஓட்டுநருக்கு 5 இலட்சம் மருத்துவக் காப்பும் 10 இலட்சம் ஆயுள் காப்பும் ஆப் கம்பெனியே எடுக்க வேண்டும் என்கின்றன. ஆப் கம்பெனிகள் தங்கள் வருவாயில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்குத் தர வேண்டும் என்னும் சட்டத் தொகுப்பும் 21-11-2025 முதல் அமலுக்கு வந்துவிட்டது. ஏட்டில் இருப்பதை வீட்டுக்குக் கொண்டுவர ஓட்டுநர்கள் ஒன்றுபட வேண்டும்.

நாம் கேட்பது

"நாங்கள் வண்டி ஓட்டுவதில்லை, பயணியையும் ஓட்டுநரையும் சேர்த்து வைக்கிறோம், அவ்வளவுதான்" என்று ஆப் கம்பெனிகள் தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார்? கமிஷனைப் பிடிப்பவர் யார்? ஓட்டுநரை ஒரு நொடியில் வேலையிலிருந்து துண்டிப்பவர் யார்? இலாபத்தில் முதலாளி, இழப்பில் வழிப்போக்கனா? விபத்து நடந்த ஒரு வாரத்துக்குள் பயணப் பதிவையும் பாலிசி விவரத்தையும் குடும்பத்திடம் கம்பெனி ஒப்படைக்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்ய வேண்டும். பிணவறை வாசலில் வாங்கும் சமரசக் கையெழுத்து எதுவும் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். ஆறு மாத வரம்பை நீக்க வேண்டும்.

அந்தச் சகோதரியின் கதை முடியவில்லை. உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்த அந்தத் தாள் மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பைத் தீர்த்துவிடாது என்று நாம் கலந்து பேசிய வக்கீல் கூறுகிறார். பயணப் பதிவும் எப்.ஐ.ஆர். நகலும் கிடைத்துவிட்டன. அவற்றை எடுத்துக்கொண்டு நம் செயற்குழு உறுப்பினர் ஒருவர் இந்த வாரம் திருநெல்வேலிக்கு இரயில் ஏறுகிறார். மனு அங்கேயே தாக்கலாகும்.

இனி நம்மவர் எவருக்கு இப்படி நேர்ந்தாலும், உறவினருக்குச் செய்தி சொன்ன அடுத்த நிமிடம் சங்கத்துக்கும் சொல்லுங்கள். இரவு இரண்டு மணியானாலும் நம் தோழர் ஒருவர் வருவார். அவர் வந்து படித்துச் சொல்லும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்!