ஆடை தடையாகுமோ?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் முன்னோர் வாக்கு. அவைக்குச் செல்வோர்க்கு மட்டுமன்று, விளையாட்டுக் களத்திற்குச் செல்வோர்க்கும் இது பொருந்தும். ஓடும்போது காலைத் தடுக்காத, கையை உயர்த்தும்போது மேலேறாத, வியர்வையில் உடலோடு ஒட்டாத ஆடையே விளையாட்டிற்கு உகந்தது. அத்தகைய ஆடை இல்லை என்னும் ஒரே காரணத்தால் களத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும் மாணவியர் நம்மிடையே உளர். பள்ளிப் பருவத்தில் துள்ளி ஓடிய கால்கள் கல்லூரி வாயிலை மிதித்ததும் ஓய்ந்துவிடுகின்றன.

‘கடையில் கிடைப்பது கை குறைந்தது, உடலை இறுக்குவது; வீட்டில் ஒப்பமாட்டார்கள்’ என்கிறாள் மாணவி. ‘விளையாட்டென்றால் உடையைக் குறைக்கத்தானே வேண்டும்? ஆகவே வேண்டாம்’ என்கின்றனர் பெரியோர். இருவருமே ஒன்றை மறந்துவிடுகின்றனர். நாம் எதை உடுத்த வேண்டும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய வேண்டியதில்லை. வீட்டின் மூலையில் உறங்கும் தையல் இயந்திரம் அதனை முடிவு செய்யலாம்.

இதற்குச் சான்று தொலைவில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாழும், லெபனானில் பிறந்த அஹதா ஸனெட்டி என்னும் பெண்மணி, தம் உறவுச் சிறுமி வலைப்பந்து ஆடுவதைக் காணச் சென்றார். முக்காட்டோடும் அடுக்கடுக்கான ஆடைகளோடும் அச்சிறுமி ஆடுவதற்குப் பட்ட பாட்டைக் கண்டார். பொருத்தமான விளையாட்டு உடையைத் தேடிக் காணாமல், தாமே ஒன்றை வடிவமைத்தார். அம்முயற்சியே 2004ஆம் ஆண்டில் ‘புர்கினி’ என்னும் நீச்சல் உடையாக மலர்ந்தது. பெருநிறுவனங்கள் கண் விழிக்குமுன் ஒரு தனிப்பெண்ணின் கை முந்திக்கொண்டது!

விதிகளும் பின்னரே மாறின. 2011இல் தலையை மூடிய உடையின் காரணமாக ஈரான் மகளிர் கால்பந்துக் குழு ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஆட முடியாமல் போயிற்று. 2014இல் கால்பந்து விதிகள் தலையணியை ஏற்றன. 2017இல் கூடைப்பந்தும் ஏற்றது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வாள்வீச்சு வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாப் அணிந்து ஆடி, குழுப் போட்டியில் வெண்கலம் வென்றார். உலக அரங்கே வழிவிட்ட பின் நம் வீட்டு வாயில் மட்டும் ஏன் அடைத்திருக்க வேண்டும்?

‘தைக்கத் தெரியாதே’ என்பது அடுத்த தயக்கம். முதல் முயற்சிக்குப் பெரும்புலமை வேண்டியதில்லை. துணியின் இயல்பறிந்தால் போதும். சேலைத் துணி நெய்தது. விளையாட்டு உடைக்குரிய பனியன் துணி பின்னியது. பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூர் நம் மாநிலத்திலேயே இருப்பது நமக்கு வாய்ப்பு. பின்னிய துணி இழுத்தால் நீளும். மிகுதியாக நீளும் திசை உடலைச் சுற்றி வருமாறு வெட்ட வேண்டும். கூர்மையான ஊசி இழையைத் துளைத்து ஓட்டையாக்கும்; முனை உருண்ட ‘பால் பாயிண்ட்’ ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு செல்லும். பருத்தி நூலைவிடப் பாலியஸ்டர் நூல் உறுதியானது. பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சி நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். பாலியஸ்டர் விரைவில் உலரும். பருத்தி கலந்த துணியாயின் வெட்டுமுன் நனைத்து உலர்த்துதல் நன்று. தைத்தபின் சுருங்கினால் உழைப்பு வீணாகும்.

நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய இயந்திரத்தில் இறுக்கமான உடையைத் தைத்தால், இழுபடும்போது நூல் அறுந்துவிடும். வளைந்து வளைந்து செல்லும் ‘ஜிக்ஜாக்’ தையலே அதற்கு ஏற்றது. ஆகவே முதலில் தளர்வான கால்சட்டையும் முழங்காலைத் தொடும் முழுக்கை மேற்சட்டையும் தைப்பதே அறிவுடைமை. நன்கு பொருந்தும் பழைய உடையொன்றைச் செய்தித்தாளின்மேல் விரித்து வரைந்துகொண்டு, தையலுக்கு இடம்விட்டு வெட்டலாம். இரு கால்களும் சேருமிடத்தில் சாய்சதுரத் துண்டொன்றை வைத்துத் தைத்தால் ஓடவும் தாவவும் தடையிராது. இடுப்பு இலாஸ்டிக்கை இடுப்பளவைவிட 2 அங்குலம் குறைத்து வெட்டினால் நழுவாது. தலையணியில் குண்டூசி கூடாது. தலைவழியாக அணியுமாறு ஒரே துண்டாகத் தைப்பதே பாதுகாப்பு. முடித்தபின் கண்ணாடிமுன் நின்று பார்த்தால் மட்டும் போதாது. குனிந்தும், குந்தியும், கை உயர்த்தியும், ஓடியும் பார்க்க வேண்டும்.

‘கடையில் வாங்குவதே மலிவு’ என்பாரும் உண்டு. முதல் உடையைப் பொறுத்தவரை அது மெய்யாகவும் இருக்கலாம். முதல் தையல் கோணலாகவும் போகலாம். ஆயினும் நாம் தேடுவது மலிவையன்று. நம் உடலுக்கும் நம் உள்ளத்திற்கும் ஒருசேரப் பொருந்தும் ஆடையை. அது விற்பனைக்கு இல்லாதபோது விலையைப் பற்றிய பேச்சு எதற்கு? மேலும், தையல் பெண்டிர்க்கு மட்டுமே உரியதன்று. கடைத்தெருவில் தையற்கடை நடத்தும் ஆடவரைக் கண்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்? தங்கைக்கு ஓர் உடை தைத்துத் தரும் அண்ணனுக்குக் குறைவேதும் வந்துவிடாது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு 60 நிமிடமேனும், வளர்ந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என அது பிரித்துக் கூறவில்லை. இளமையில் அசையாதிருந்த உடல் முதுமையில் நோய்க்கு இடங்கொடுக்கும். அந்நாளில் வருந்திப் பயன் என்ன?

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளையாட்டுச் சீருடையின் நிறத்தையும் பாதுகாப்பையும் நீங்கள் வரையறுங்கள், கையின் நீளத்தை மாணவியே வரையறுக்கட்டும். சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்: கண்ணியமான உடையோடு களம் புக விரும்பும் மகளுக்கு, உடையைக் காரணங்காட்டி இனியும் தடை சொல்லாதீர்கள். மாணவியர்க்கும் ஒரு சொல்: கடை திறக்கும்வரை காத்திராதீர்கள்; கத்தரிக்கோலை எடுங்கள். ஆடையைக் காரணமாகச் சொல்லும் காலம் முடியட்டும். களம் நம் அனைவர்க்கும் உரியதாகட்டும்!