நாய்க்கும் ஆங்கிலமோ?



பெருநகர்ப் பணியைத் துறந்து சிற்றூர்க்கு மீளும் இளைஞர் தொகை நாளும் பெருகுகின்றது. மண்ணை மறந்தவர் மண்ணுக்கு மீள்வதினும் மகிழத்தக்க செய்தி பிறிதில்லை. ஆயினும், மீள்கின்றவர் எதனைத் தம்முடன் கொண்டு வருகின்றார், எதனை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நுழைகின்றார் என வினவுவாரைக் காணோம். வினவ வேண்டிய நிலை எனக்கு நேர்ந்தது. ஆகலின் எழுதுகின்றேன்.

மேச்சேரிப் புறத்தே என் பழைய மாணாக்கர் ஒருவர் ஆறு குறுக்கம் மேட்டுநிலம் வாங்கி ஆட்டுப்பண்ணை அமைத்துள்ளார். பன்னீராண்டு கணிப்பொறிப் பணியாற்றிப் பொருளீட்டியவர், நற்பண்பினர். "ஐயா, ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்" எனப் பன்முறை அழைத்தார், சென்றேன். வாயிலில் பெரியதொரு பெயர்ப்பலகை. அதன்கண் ஒரு தமிழெழுத்தும் இல்லை. உள்ளே அறுபது மேச்சேரிச் செம்மறிகள். அவற்றை மடக்குதற்குப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய 'பார்டர் கோலி' என்னும் அயலின நாய்கள் இரண்டு. அவர் சீழ்க்கையடித்தார். நாய்கள் மந்தையின் இருபுறமும் வளைந்தோடிக் கடியாமலும் குரையாமலும், கண்பார்வை ஒன்றாலேயே ஆடுகளை ஒடுக்கிப் பட்டி வாயிலில் கொணர்ந்து நிறுத்தின. பொய் சொல்லேன், வியந்தேன். பின்னர் அவர் "சிட்" என்றார், அமர்ந்தன. "டவுன்" என்றார், படுத்தன. என் வியப்பு அங்கேயே வற்றிற்று.

பட்டியோரம் நின்ற ஆட்டுக்காரப் பெரியவரை நோக்கி, "உங்கள் சொல்லுக்கும் இவை அடங்குமா?" என்றேன். "எனக்கு அந்தப் பேச்சு வராதுங்க வாத்தியாரே, அதுகளுக்கு நம்ம பேச்சு தெரியாதுங்க" என்றார்.

தொடர்ந்து அவர் கூறியது என் நெஞ்சைச் சுட்டது. பண்ணைக்குரியவர் வெளியூர் சென்றிருந்த ஓரிரவில் தெருநாய்க் கூட்டம் ஒன்று பட்டிவேலியைத் தாண்டி உட்புகுந்தது. பெரியவர் கோலி நாய்களை அவிழ்த்துவிட்டு, "பிடி! விரட்டு!" எனத் தொண்டை கிழியக் கத்தினார். அவையோ, அறியாத மொழியில் அலறும் ஒருவரை ஏறிட்டுப் பார்த்துப் பின்வாங்கி நின்றன. விடிந்தபொழுது ஒன்பது ஆடுகள் குதறுண்டு கிடந்தன. அவற்றுள் நான்கு சினையாடுகள்.

இஃது ஒரு பண்ணைக்கு நேர்ந்த இழப்பு மட்டும் அன்று. தன் நிலத்தில், தன் தொழிலில், தன் பட்டியில் நிற்கும் தமிழன் ஒருவன், ஒரு நாய்க்கு முன்னே ஊமையாக்கப்பட்டான் என்பதே இதன் பொருள். ஆங்கிலம் அறியாதவனுக்கு அலுவலகத்தில் இடமில்லை என்றனர், பொறுத்தோம். ஆட்டுப்பட்டியிலும் இடமில்லை என்னும் நிலை வந்துற்றது. இதனையும் பொறுப்பதோ?

கோலி நாயை யான் பழிக்கவில்லை. இங்கிலாந்துக்கும் இசுக்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறக் குன்றுகளில் மேய்ப்பர் தம் தேவைக்கென ஆக்கிக்கொண்ட அரிய இனம் அது. அங்கே ஆடுகள் மேய்ப்பன் அருகின்றி மலைச்சரிவுகளில் சிதறி மேய்வன. அவற்றைத் தொலைவிலிருந்து திரட்டிக் கொணர நாய் வேண்டும். ஓநாய்க்கு இயல்பாயுள்ள வேட்டைத் தொழிலில், நோக்கலும் பதுங்கலும் துரத்தலும் நிற்கக் கடித்துக் கொல்லுதல் மட்டும் மங்குமாறு வழிவழியாகத் தெரிந்தெடுத்து வளர்த்தனர். இன்றைய கோலியினத்துக்குத் தந்தையெனப் போற்றப்படும் 'எம்ப்பு' என்னும் நாய் 1893ஆம் ஆண்டு நார்த்தம்பர்லாந்தில் ஆதம் தெல்பர் என்பாரிடம் பிறந்தது. அதற்கு இருபதாண்டு முன்னரே, 1873இல், வேல்சு நாட்டுப் பாலா என்னும் ஊரில் மேய்ப்புநாய்ப் போட்டி நடந்தது. 1906இல் அந்நாய்களுக்கென ஒரு கழகமே தோன்றிற்று.

இவ்வளவும் அவர் செய்தது எம்மொழியில்? தம் மொழியில்! அந்நாய்களை ஏவுஞ் சொற்கள் இலத்தீனத்திலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ இரந்து பெற்றவை அல்ல; அம்மேய்ப்பர் வாயில் வழங்கிய நாட்டுப்புறச் சொற்களே. இன்னும் கேளீர். வடஇங்கிலாந்து மேய்ப்பர் ஆடுகளை எண்ணுங்கால் பொது ஆங்கில எண்களை விடுத்து, 'யான், தான், தெதரா, மெதரா, பிம்ப்' என்னும் பழைய எண்ணுப்பெயர்களை வழங்கினர். அவை வேல்சு மொழியோடு உறவுடையன. ஐந்தைக் குறிக்கும் 'பிம்ப்' வேல்சு மொழியில் இன்றும் அவ்வாறே ஒலிக்கின்றது. ஊரும் அரசும் மொழி மாறிய பின்னும், ஆட்டுப்பட்டி தன் பழஞ்சொல்லைக் கைவிடவில்லை! அவரிடமிருந்து நம் இளைஞர் நாயைக் கற்றனர். அந்நாயை ஆக்கிய தன்மானத்தைக் கற்றாரில்லை.

நமக்குச் சொல் இல்லையோ? முல்லையை ஒரு திணையாக வகுத்த மொழி இது. எருமை மேய்ப்போரைக் கோட்டினத்தாயர் என்றும், ஆவினம் மேய்ப்போரைக் கோவினத்தாயர் என்றும், ஆடு மேய்ப்போரைப் புல்லினத்தாயர் என்றும் பிரித்துக் கூறும் வழக்குடையது. தொல்காப்பிய மரபியல் ஆட்டின் இளமைப்பெயரை மறி என்றும், ஆண்பாற் பெயர்களை மோத்தை, தகர், உதள், அப்பர் என்றும், பெண்பாற் பெயர்களை மூடு, கடமை என்றும் வகுத்துரைக்கின்றது. நாயின் குட்டியைக் குருளை என்கின்றது. கிடை, பட்டி, தொழு, மந்தை, தொரட்டி, கூடாப்பு, கீதாரி, துள்ளுமாரி என ஆட்டுக்காரர் நாவில் இன்றும் வழங்குஞ் சொற்களைத் தொகுப்பின் தனியோர் அகரமுதலியாகும்.

நாய்க்குப் பெயரிடவும் நம் முன்னோர் பிறர் வாயிலில் நிற்கவில்லை. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் பல்லவன் முதலாம் மகேந்திரவருமனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காத்து மாய்ந்த கருந்தேவக்கத்தி என்னும் மறவனுக்கு எடுத்த கல் அது. அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவல் நின்றது என்றும் கல்லே கூறுகின்றது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன்னர் நாய்க்குக் கல்லெடுத்துத் தமிழில் பெயர் பொறித்த இனம், இன்று தன் நாயை 'இராக்கி' என்றும் 'சீசர்' என்றும் அழைத்துக் களிக்கின்றது!

சிலர் கூறுவர்: "நாய்க்கு மொழியேது? எம்மொழியிற் சொன்னால் என்ன?" நன்று. எம்மொழியாயினும் ஒக்குமெனின் தமிழிற் சொன்னால் என்ன குறை? நாய்க்கு மொழியில்லை, ஆட்டுக்காரர்க்கு மொழியுண்டு. ஏவுவோன் நாவில் அச்சமுற்ற நள்ளிரவில் எச்சொல் தானே எழுமோ, அச்சொல்லே நாய்க்குப் பயிற்றத் தக்க சொல்.

வேறு சிலர், "ஆங்கிலச் சொற்கள் குறியன, பயிற்றுதற்கு எளியன" என்பர். தமிழறியார் கூற்று இது. நில், கிட, வா, சூழ், துரத்து, போதும் என்பவற்றினும் குறுகிய தெளிந்த ஏவல்கள் எங்குள? ஒன்றோடொன்று ஒலி மயங்காத சொற்களே பயிற்சிக்கு வேண்டுவன, இவ்வாறும் மயங்கா. இடவலம் உணர்த்தச் சீழ்க்கை போதும். சீழ்க்கைக்கு எந்நாட்டு மொழியும் வேண்டா.

மூன்றாவது தடை சற்றே வலியுடையது. "நம் நாட்டு நாய்களில் கோலியைப் போல் மந்தை மடக்குவன இல்லையே" என்பர். உண்மை, மறைப்பானேன்? சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பிறந்த விரைநாய்கள். இராசபாளையமும் கோம்பையும் வேட்டைக்கும் காவலுக்கும் உரியன. ஆனால், நம் மேய்ப்புக்கு மடக்குநாய் ஏன் எழவில்லை என எண்ணிப் பார்த்தார் உளரோ? நம் ஆட்டுக்காரர் மந்தையை விட்டு அகல்வதில்லை. பகலெல்லாம் உடன் நடக்கின்றார். அவர் குரலுக்கு ஆடு திரும்புகின்றது. இரவில் உழவர் வயலிற் கிடை அமர்த்துகின்றார். புழுக்கையும் நீரும் நிலத்துக்கு உரமாக, உழவர் கூலி தருகின்றார். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சை வயல்கள் வரை மந்தைகளோடு நடப்பது இம்முறையாலேயே. இங்கே நாயின் தொழில் மடக்குதல் அன்று, கிடையைக் காத்தல். காங்கேயம் வட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் தெருநாய்கள் பட்டிபுகுந்து ஆடுகளைக் கொன்றதும், உழவர் இழப்பீடு கேட்டுப் போராடியதும் நாடறிந்தவை. நமக்கு வேண்டுவது காவல்நாய் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காவல்நாயை ஆக்கும் முறையும் அரிதன்று. பிறந்த மூன்றாங் கிழமை தொடங்கிப் பன்னிரண்டாங் கிழமை வரை குருளை எவற்றோடு பழகுகின்றதோ, அவற்றையே தன் கூட்டமெனக் கொள்ளும். அப்பருவத்தில் ஆட்டுக்குட்டிகளோடு வளர்த்து, ஆட்டைத் துரத்தும் விளையாட்டை முளையிலேயே தடுத்து, ஆட்டுக்காரர் கையாலேயே உணவூட்டுக. கோம்பையோ, ஊர்நாயோ, எதுவாயினும் கிடைக்குக் கண்ணாகும். குளிர்நாட்டுக்கென ஈரடுக்கு மயிர் பெற்ற நாயைச் சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு முன்னே இளைக்க வைப்பது அருளுமன்று, அறிவுமன்று.

ஈண்டு என் குற்றத்தையும் ஒப்புதல் வேண்டும். "படிக்காவிட்டால் ஆடு மேய்க்கத்தான் போவாய்" என்னும் இழிவுரை நம் பள்ளிகளில் கேளாத நாளில்லை. அதனை யானும் சொல்லியிருக்கின்றேன். முல்லைப் பாட்டை விளக்கிய அதே வகுப்பில், அதே நாவால், ஆயர் தொழிலைத் தண்டனையாகக் காட்டினேன். அச்சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்த சிறுவன், தந்தையிடமிருந்து ஆட்டுச்சொற்களைக் கற்க நாணினான். கேளாது முன்வரிசையில் அமர்ந்தவன், இன்று இலக்கக்கணக்கில் செலவிட்டு ஆடு மேய்க்க வருகின்றான். ஆனால் ஆங்கிலத்தில் மேய்க்கின்றான்! இருவரையும் கெடுத்தவர் யாம். இதற்குக் கழுவாய் தேடாது யான் பிறரைப் பழித்தல் தகாது.

இன்னொன்று. பொருளுடையார் நிலம் வாங்கி வேலி கட்டுகின்றனர். ஊர்ப்பொது மந்தைவெளியும் மேய்ச்சற் புறம்போக்கும் சுருங்குகின்றன. வேலிக்குள் அறுபது ஆடு வளர்ப்பவர் 'பண்ணையாளர்' எனப் போற்றப்படுகின்றார். வேலிக்கு வெளியே இருநூறு ஆட்டோடு நடப்பவர் இடையூறெனத் துரத்தப்படுகின்றார். 2006ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம், இடம்பெயரும் மேய்ப்பரின் பருவமேய்ச்சல் உரிமையை ஒப்புகின்றது. அச்சட்டத்தைத் தம்மொழியில் படித்துணர்ந்த கீதாரி எத்துணைப் பேர்? தம் தொழிலின் சொல்லை இழந்தவர், அத்தொழிலின் நிலத்தையும் உரிமையையும் இழப்பர். மொழியிழப்பு முதற்படி, பிற எல்லாம் அதன் வழிவருவன.

ஆகலின், மண்ணுக்கு மீளும் இளைஞர்காள், உங்களை வெறுத்துரைக்கவில்லை, வருகவென்றே அழைக்கின்றேன். வருங்கால் முதலில் பக்கத்துக் கிடையின் ஆட்டுக்காரரிடம் மாணாக்கராகச் செல்க; அவருக்குக் கூலியாளுக்குரிய கூலியன்றி ஆசிரியர்க்குரிய மதிப்பும் தருக. மேச்சேரி, வேம்பூர்ப் பொட்டாடு, கீழக்கரிசல், கச்சைகட்டிக் கறுப்பு, கோவைக் குறும்பை என அவ்வந் நிலத்துக்குரிய இனத்தையே வளர்க்க. அவர் நாவிலுள்ள சொற்களைக் குறித்து வைக்க. பண்ணைக்கும் நாய்க்கும் தமிழிற் பெயரிடுக. வேலி கட்டுங்கால் மந்தை செல்லும் வழியை அடையாதிருக்க. ஆசிரியப் பெருமக்களே, அவ்விழிவுரையை இன்றே நாவினின்று அறுத்தெறிக.

என் மாணாக்கரிடம் இவற்றையெல்லாம் கூறினேன். நாணினார், சினந்தாரில்லை. மூன்று திங்கள் கழித்து மீண்டுஞ் சென்றேன். பெயர்ப்பலகை தமிழாகியிருந்தது. பட்டிக்குள் ஆட்டுக்குட்டிகளோடு ஒரு கோம்பைக் குருளை கிடந்தது. பெரியவர் "வா" என்றார், வந்தது. "நில்" என்றார், நின்றது.

நாய் கற்றுக்கொண்டது. நாம் கற்பது எந்நாள்?