சலித்தால் சலிக்கட்டும்

‘சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லாதே’ என்று கட்டுரை வகுப்பில் படித்தது நமக்குள் நன்றாக ஊறிவிட்டது. கதைக்கும் மேடைக்கும் அது சரி. இயந்திரக் கையேட்டுக்கும் அதுவே நல்ல நடை என்று நம்புகிறார்களே, அந்த நம்பிக்கை ஆபத்தானது.

புளியந்தோப்புப் பட்டறை ஒன்றில், கம்ப்ரஸரோடு வந்த தமிழ்க் கையேட்டைப் புரட்டினேன். டாங்க் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் குமிழ் முதலில் ‘டிரெயின் காக்’, பிறகு ‘வடிகுழாய்’, கடைசியில் ‘கீழ் வால்வு’. அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வுக்கும் இதே கதிதான். ஒரு படத்தில் எண் 4 டிரெயின் காக். அடுத்த படத்தில் அதே 4 பிரஷர் கேஜ். நடுவே, ‘தினமும் வால்வைத் திறக்கவும்’ என்று ஒரு வரி. எந்த வால்வை? தண்ணீரை வடிக்காத டாங்க் உள்ளே துருப்பிடித்து மெலியும். மெலிந்த டாங்க் ஒருநாள் வெடிக்கும்.

‘தொழில் தெரிந்தவன் புரிந்துகொள்வான்’ என்பார்கள். தொழில் தெரிந்தவன் பேசுவதைக் கேட்டிருக்கிறார்களா? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தப் பட்டறையிலும் பேஸ் என்றால் பேஸ், நியூட்ரல் என்றால் நியூட்ரல். காலையில் ஒரு பெயர், மாலையில் ஒரு பெயர் கிடையாது. அந்த விளையாட்டெல்லாம் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிற நம்மைப் போன்றவர்களுடையது.

வயரிங் படத்தின் நிறத்துக்கு வருவோம். நம் ஊர் வழக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல். ஐரோப்பிய முறையில் நீலம் நியூட்ரல், கறுப்பு பேஸ்! நம்மைப் போலவே இருந்த பிரிட்டன், 2004-இல் ஐரோப்பிய நிறங்களை அனுமதித்து 2006-இல் கட்டாயமாக்கியது. பழைய வயரிங்கும் புதியதும் சேர்ந்திருக்கும் இடத்தில் எச்சரிக்கை அறிவிப்பு ஒட்டச் சொன்னது. இங்கேயோ, துறைமுகத்தில் இறங்கும் ஐரோப்பிய இயந்திரத்தின் படத்தை அப்படியே அச்சடித்து, பக்கத்திலேயே நம் நிறத்தில் இன்னொரு படமும் போட்டால் யாரும் கேட்பதில்லை. நீல வயரைத் தொடப் போகிறவன் எந்தப் படத்தை நம்புவான்?

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று ஐரோப்பிய விமானத் தொழில் சங்கம் 1986-இலேயே கட்டுப்படுத்தப்பட்ட எளிய ஆங்கிலத்தை வகுத்துவிட்டது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பது அதன் அடிப்படை. படிக்க வறட்சியாகத்தான் இருக்கும். விமானத்தில் ஏறுகிற எவரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

கையேடு எழுதுகிறவர்களே, மொழிபெயர்க்கிறவர்களே, முதல் பக்கத்திலேயே பாகங்களைப் பட்டியலிடுங்கள்: ஒரு பாகம், ஒரு பெயர், ஒரு எண். எந்தப் பெயர் என்ற சந்தேகம் வந்தால் அகராதியை மூடிவிட்டு மெக்கானிக்கிடம் கேளுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடமே ஒருமுறை படித்தும் காட்டுங்கள்.