கறிவேப்பிலை ஏன் வெளுத்தது?

எங்கள் மொட்டை மாடிக் கறிவேப்பிலைச் செடி மூன்று மாதமாக வெளுத்துக்கொண்டே வந்தது. அடியில் இருந்த பழைய இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாக விட்ட கொழுந்துதான் எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து மண்புழு உரம் போட்டேன். பிறகு வேப்பம் புண்ணாக்கு. அதற்கும் பிறகு, ஊரிலிருந்து கொண்டுவந்த விறகடுப்புச் சாம்பலும் பொடித்த முட்டை ஓடும். செடி இன்னும் வெளுத்தது.

தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது அவர் உரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. “என்ன தண்ணி ஊத்துற? போர் தண்ணியா? புளிச்ச மோரை ஊத்து” என்றார். அந்தக் கேள்விதான் சரியான கேள்வி என்பது மண்ணைச் சோதித்த பிறகே எனக்குப் புரிந்தது.

தெரிந்த வேதியியல் ஆசிரியை ஒருவரிடம் பி.எச். மீட்டர் இருந்தது. தொட்டியின் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, வேர் ஓடும் ஆழத்திலிருந்து மண் எடுத்து நிழலில் உலர்த்தினோம். 20 கிராம் மண்ணில் 50 மில்லி காய்ச்சி வடித்த நீர் விட்டு, அவ்வப்போது கலக்கி, அரை மணி நேரம் வைத்தோம். மீட்டர் 8.4 என்று காட்டியது.

பி.எச். என்ற அளவை 1909-இல் உருவாக்கியவர் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சென். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தார். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவில் ஒரு படி ஏறினால் பத்து மடங்கு வித்தியாசம். காய்கறிச் செடிகள் பெரும்பாலும் விரும்புவது 6-லிருந்து 7 வரை. 6.4 இருக்க வேண்டிய இடத்தில் 8.4 இருந்தால், வெறும் 2 எண்தானே என்று தோன்றும். உண்மையில் அது நூறு மடங்கு.

என் செடிக்குத் தேவைப்பட்டது இரும்புச் சத்து. மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். ஆனால் பி.எச். ஒரு படி ஏறும்போது, காற்றோட்டமுள்ள மண்ணில் இருக்கும் இரும்பு நீரில் கரைவது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைந்துவிடுகிறது. கரையாததை வேரால் உறிஞ்ச முடியாது. இலை பச்சையம் தயாரிக்க இரும்பு வேண்டும். பழைய இலைக்குள் போய்விட்ட இரும்பைச் செடியால் எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கவும் இயலாது. அதனால்தான் கொழுந்து முதலில் வெளுக்கிறது. மாறாக, அடி இலை முதலில் முழுசாக மஞ்சளானால் பெரும்பாலும் அது தழைச்சத்துக் குறைவு. எந்த இலை மஞ்சள் என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். நான் பார்த்தேன்; படிக்கத் தெரியவில்லை. சாம்பலும் முட்டை ஓடும் காரத்தை ஏற்றுபவை. பசித்த செடிக்குச் சோறு போடுவதாக நினைத்து அதன் வாயை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

இந்தக் காரம் எங்கிருந்து வந்தது? எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலிருந்து. குளியலறை வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் தொட்டி விளிம்பிலும் கோடு கட்டியிருந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 400 மில்லிகிராம் சுண்ணாம்புக்கு ஈடான காரத்தன்மை உள்ள தண்ணீரைத் தினம் 2 லிட்டர் ஊற்றினால், ஒரு வருடத்தில் 292 கிராம். அடித்துளை வழியே கொஞ்சம் வெளியேறினாலும், மீதி தொட்டிக்குள்ளேயே தங்கும். வயலில் மழை கழுவிவிடும்; வேர் ஆழமாக ஓடித் தப்பிக்கும். தொட்டிச் செடிக்குப் போக்கிடம் கிடையாது. வீட்டுக்குள் வளர்ப்பதென்றால் மழையும் கிடையாது. நாம் ஊற்றுவதுதான் அதன் ஆறு, குளம், வானம் எல்லாம்.

சில வயல்களில் இதன் பெரிய வடிவத்தைக் காணலாம். பி.எச். 8.5-ஐத் தாண்டி, மண்ணில் சோடியம் ஏறிய நிலத்தைக் களர் என்கிறோம். உப்பு மிகுந்ததை உவர் என்கிறோம். களருக்கு ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவார்கள். நிலத்தைத் திருத்திவிட்டுத்தான் உரத்தைப் பற்றி யோசிப்பார்கள். நீலகிரியில் கதை தலைகீழ். மழை கழுவிக் கழுவி மண் அமிலமாகிவிட்டது. தேயிலைக்கு அந்த அமிலம் பிடிக்கும், 4.5-லிருந்து 5.5 வரை அதற்குச் சுகம். மலையில் நீலமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைக் கார மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். மண் எப்படி இருக்கிறது என்பதைப் பூவே சொல்லிவிடும்.

அம்மா சொன்ன மோருக்கு வருவோம். புளித்த மோரில் இருப்பது லாக்டிக் அமிலம். நீர் கலந்து ஊற்றினால் வேரைச் சுற்றிக் கொஞ்ச நேரம் காரம் தணியும், சிறிது இரும்பு கரையும். ஆனால் சுண்ணாம்பு சேர்ந்துபோன மண், ஊற்றிய அமிலத்தை விழுங்கிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பும். எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எனவே மோர் முதலுதவி. தண்ணீரை மாற்றாமல் அதை மட்டும் நம்ப முடியாது. கந்தகத் தூள் உதவும். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக மாற்ற வாரக்கணக்கில் ஆகும்.

நான் செய்தது இதுதான். வேர் அறுபடாமல் செடியை எடுத்து, பழைய மண்ணில் பாதிக்கு மேல் தள்ளிவிட்டேன். செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம், கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றும் கலந்து புதிதாக நிரப்பினேன். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தேன். வேர் வழி அடைபட்டிருக்கும்போது இலை வழி கொஞ்சம் ஊட்டலாம். சாம்பலை நிறுத்தினேன். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேர்த்து ஊற்றினேன். அதில் சுண்ணாம்பு அநேகமாக இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் செடிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நாம் குடிக்காமல் விட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஐப்பசி மழையில் மாடியில் ஒரு டிரம் வைத்துப் பிடித்தேன். மழைநீர் இயல்பாகவே சற்று அமிலம், பி.எச். 5.6 அளவில் இருக்கும். அந்தத் தண்ணீர் இறங்கிய மூன்றாவது வாரம் புதுக் கொழுந்து பச்சையாகவே விட்டது. வெளுத்த பழைய இலைகளில் பல அப்படியேதான் இருந்தன. அவற்றைக் கிள்ளி எறியவில்லை. மாடிக்கு வருபவர்களிடம் முதலில் அந்த மஞ்சள் இலைகளைக் காட்டுகிறேன், பிறகு மேலே உள்ள பச்சைக் கொழுந்தை. அதன் பிறகு, அம்மா என்னிடம் கேட்டதையே அவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் வீட்டுச் செடிக்கு என்ன தண்ணீர்?