வண்டிக்கும் மூச்சு முட்டும் பாஸ்!

கடைசிப் பேப்பர் முடிஞ்சாச்சு. ஆன்சர் ஷீட்டைக் கட்டிக் குடுத்த கையோட ரூமுக்கு ஓடி, பெட்டியில துணியைத் திணிச்சு, ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல இருப்பீங்க. எல்லாம் சரி... கீழே ஹாஸ்டல் பார்க்கிங்ல நிக்குதே உங்க பைக், அதை என்ன பண்ணப் போறீங்க?

ஒன்றரை மாசம் அது தனியா நிக்கணும். அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கிக் குடுத்த வண்டியா இருக்கலாம். அண்ணன் ஓட்டித் தேய்ச்சு உங்க தலையில கட்டின வண்டியாவும் இருக்கலாம். எதுவானாலும், படிப்பு முடியற வரைக்கும் வீட்டுல இன்னொண்ணு கேக்க முடியாது. அதனால ஒரு கவர் வாங்கிப் போட்டுட்டுப் போகலாம்னு தோணும். நல்ல யோசனைதான். ஆனா எந்தக் கவர்?

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுலயோ உங்க ஊர் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலயோ போய்க் கேட்டுப் பாருங்க. "ஃபுல் வாட்டர் ப்ரூஃப் தம்பி, ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகாது!" இதைத்தான் முதல்ல சொல்வாங்க. நாமளும் கவுந்துடுவோம். உள்ளே போகாது, ஓ.கே. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வருமா? இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேக்கறதே இல்லை.

விஷயம் இதுதான். பகல்ல வெயில் ஏறினதும் தரையில இருக்கிற ஈரம் ஆவியா மேலே கிளம்பும். பிளாஸ்டிக் மாதிரியான கவர் அதை அப்படியே பிடிச்சு வெச்சுக்கும். ராத்திரியில இரும்பு சீக்கிரமா குளிர்ந்துடும். ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தா வேர்க்குமே, அதே கதை இப்போ உங்க செயின் மேலயும் ஸ்போக்ஸ் மேலயும் நடக்கும். காலையில அது மறுபடி ஆவி. வெளியே போக வழியில்லை. ராத்திரி மறுபடி தண்ணி. இப்படியே ஒன்றரை மாசம்! துரு பிடிக்க இரும்பு, தண்ணி, ஆக்சிஜன்... மூணு இருந்தா போதும்னு ஸ்கூல்லயே படிச்சாச்சு. ஈ.சி.ஆர். பக்கமோ, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்லயோ காலேஜ் இருந்தா, காத்துல வர்ற உப்பு வேற சேர்ந்து துருவை ஓட ஓட விரட்டும். மழையில நனைஞ்ச வண்டி வெயில் வந்தா காய்ஞ்சுடும். இப்படி மூடி வெச்ச வண்டி காயறதே இல்லை. சும்மா நின்ன வண்டியைவிட மூடி நின்ன வண்டி மோசமாப் போறது இதனாலதான்.

இந்த லிஸ்ட்ல நம்பர் ஒன் வில்லன் யார் தெரியுமா? ஃப்ளெக்ஸ் பேனர். படம் தியேட்டரை விட்டுப் போனதும் இறக்கின பேனர் ஓசியில கிடைக்கும். ஹீரோ கூலிங் கிளாஸோட உங்க டேங்க் மேல படுத்திருப்பார். பார்க்க கெத்துதான். ஆனா அது பி.வி.சி. காத்து துளிகூடப் புகாது. மொடமொடன்னு இருக்கிறதால காத்துல ஆடும்போதெல்லாம் பெயின்ட்டைத் தேய்க்கும். தார்ப்பாயும் இவருக்குச் சொந்தக்காரர்தான்.

அமெரிக்காவுல குதிரையை ஏத்திட்டுப் போற ட்ரெய்லருக்குக்கூட தனியா கவர் விக்கிறாங்க. குதிரைக்கே வண்டி, அந்த வண்டிக்கு ஒரு சட்டை! பனிக்காலத்துல மாசக்கணக்கா ஓரங்கட்டி நிறுத்துற சமாச்சாரம் அது. அங்கேயும் கவர்ல முக்கியமாப் பார்க்கிற விஷயம், துணி மூச்சு விடுமாங்கிறதுதான். குதிரை வண்டிக்கு ஒரு நியாயம், பைக்குக்கு ஒரு நியாயமா?

முதல்ல உங்க வண்டி எங்கே நிக்கப்போகுதுன்னு பாருங்க. மேலே ஷீட்டோ கான்கிரீட்டோ இருக்கிற ஷெட்னா, கடைக்கே போக வேண்டாம். பாட்டியோட பழைய நூல் சேலை போதும். சத்தியமாத்தான் சொல்றேன். அங்கே எதிரி தூசியும் பறவை எச்சமும்தான். நூல் துணி ரெண்டையும் தடுக்கும், ஈரத்தையும் வெளியே விட்டுடும். ரெண்டு மடிப்பாப் போட்டு, கயிறால தளர்வாக் கட்டிடுங்க. ஃப்ரெண்ட்ஸ் ஓட்டுவாங்க. ஓட்டட்டும்.

மரத்தடி, வெட்டவெளின்னாதான் கடைக் கவர் வேணும். அக்னி நட்சத்திர வெயில் சீட் ரெக்சினை வெடிக்க வைக்கும், பெயின்ட்டை வெளுக்க வைக்கும். கறுப்புக் கவர் வெயிலைக் குடிச்சுச் சூடாகும். வெள்ளிப் பூச்சு உள்ளது திருப்பி அனுப்பிடும். ஸ்டைலுக்காகக் கறுப்பு வாங்காதீங்க. "190 டி டஃபெட்டா"ன்னு அட்டையில போட்டிருக்கும். பயப்படாதீங்க... ஒரு சதுர அங்குலத்துல பாவும் ஊடையும் சேர்த்து எத்தனை இழைங்கிற கணக்கு அது. நம்பர் கூடினா நெசவு நெருக்கம், அவ்வளவுதான்.

நம்பரைவிடக் கையை நம்புங்க. துணியோட உள்பக்கத்தை நகத்தால சுரண்டுங்க. பூச்சு பவுடரா உதிர்ந்தா, அடுத்த கோடைக்குள்ள அது வெறும் துணி. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, தையல் ஓட்டை வழியா வானம் தெரியுதான்னு பாருங்க. மழை முதல்ல நுழையறது அங்கேதான். பூச்சு போட்ட துணி அதிகமா மூச்சு விடாது. அதனால ரெண்டு பக்கமும் காத்து போக வலை வெச்ச ஜன்னல் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா, தரை வரைக்கும் இழுத்து மூடாம, சக்கரத்துல பாதி தெரியற மாதிரி போட்டு அடியில காத்து ஓட விடுங்க. நடுவுல வயித்துக்குக் கீழே ஒரு பெல்ட் கட்டாயம் வேணும். அது இல்லாத கவர் முதல் கோடை மழைக் காத்துலயே லேடீஸ் ஹாஸ்டல் காம்பவுண்டைத் தாண்டிடும். அப்புறம் வார்டனுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

சைஸ்? வண்டி பேரைச் சொல்லி வாங்குங்க. லூசா இருந்தா காத்துல அடிச்சு, டேங்க் மேல இருக்கிற தூசியை வெச்சே உப்புத்தாள் தேய்ப்பு நடத்தும். அதனால கழுவாம மூடவே கூடாது. கழுவிட்டு, நல்லாக் காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, அப்புறம் மூடுங்க. ஓட்டிட்டு வந்த சூட்டோட மூடினா சைலன்சர்ல கவர் உருகி ஒட்டிக்கும். அரை மணி நேரம் பொறுங்க. பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டி வெச்சுடலாம். டேங்க்கை நிரப்பி வெச்சா உள்ளே காத்துக்கு இடம் குறைவு, ஈரம் சேர்றதும் குறைவு. இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு. அது ஈரத்தை இழுக்கிற சரக்கு.

இன்னொரு பார்ட்டி இருக்கார். எலி. இருட்டா, கதகதப்பா, யாரும் தொந்தரவு பண்ணாத இடம்னா அவருக்கு அது பங்களா. உங்க ஒயர்தான் டிபன். சைடு பாக்ஸ்ல பாதி தின்ன பிஸ்கட் பாக்கெட்டை விட்டுட்டுப் போனீங்கன்னா, நீங்களே வெத்திலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி.

கவர் 300 ரூபாய்க்கும் கிடைக்கும், ஆயிரத்தைத் தாண்டியும் கிடைக்கும். என்னைக் கேட்டா, நடு விலையில ஒண்ணு வாங்கிட்டு, மிச்சக் காசை வாட்ச்மேன் அண்ணன் கையில குடுங்க. "அண்ணே, வாரத்துக்கு ஒரு நாள், நல்லா வெயில் அடிக்கிற காலையில, ரெண்டு மணி நேரம் கவரை எடுத்து வெச்சுட்டு மறுபடி போடுங்க"ன்னு சொல்லுங்க. ஈரமும் போகும், எலியும் இடம் மாறும். வண்டி அப்படியே நிக்குதான்னு பார்க்க ஒரு ஆளும் இருக்கும். அவர் போன் நம்பரை வாங்கிக்குங்க, ஊர்ல இருந்து ரெண்டு தடவை பேசுங்க. சாவியை மட்டும் உங்க கையோடயே எடுத்துட்டுப் போயிடுங்க. கவரைத் தூக்க அது வேண்டியதில்லை.