பின்விளக்கும் பொறுப்பே

மிதிவண்டியின் முன்விளக்கு ஓட்டுபவருக்கு வழியைக் காட்டுகிறது. பின்விளக்கோ பின்னால் வருபவருக்கு அவரையே காட்டுகிறது. தம் கண்ணுக்குத் தெரியாத விளக்கு என்பதாலேயே பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

டைனமோவின் குறை யாவரும் அறிந்ததே. சக்கரம் நின்றால் விளக்கும் அணையும். சாலையைக் கடக்க இருளில் காத்து நிற்கும் வேளையிலன்றோ ஒளி மிகவும் தேவை? இக்குறையை மாணவர் தம் கையாலேயே நீக்கலாம். 6 வோல்ட் டைனமோ தருவது மாறுதிசை மின்னோட்டம். நான்கு டையோடுகளால் அதனை நேர்திசையாக்கி, மின்தடை ஒன்றுடன் 5.1 வோல்ட் ஜீனர் டையோடால் மட்டுப்படுத்தி, 5.5 வோல்ட் தாங்கும் 1 ஃபாரட் மின்தேக்கியில் சேமிக்க வேண்டும். அதிலிருந்து 150 ஓம் மின்தடை வழியே சிவப்பு எல்.இ.டி. ஒன்றை எரிக்க ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் போதும், பழைய 0.6 வாட் பல்புக்கோ 100 வேண்டும். சிறிது தொலைவு ஓட்டிய வண்டி நின்ற பின்னும் ஓரிரு நிமிடம் ஒளி நீடிக்கும்.

கடையில் கிடைக்குமே என்பர் சிலர். கிடைக்கும், ஆயின் பழுதுற்றால் எறிந்துவிடுவோம். நாமே செய்ததை நாமே செப்பனிடலாம். இஃது இயற்பியல் மாணவர் பணியெனத் தமிழ் மாணவர் ஒதுங்கவும் வேண்டா. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு நாம் பயிலும் துறை தெரியாது. அந்தச் சிவப்புப் புள்ளி ஒன்றே தெரியும்.